தேதி சார் பானெட்டைத் திறக்கிறார்

பழைய கார் பிரியர்களில் இரண்டு வகை உண்டு. ஓட்டுகிறவர்கள் ஒரு வகை. அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஏறுகிறார்கள், போகிறார்கள், வீடு வந்து சேர்கிறார்கள். நான் சொல்லப்போவது இன்னொரு வகை, எண் படிக்கிறவர்கள். இவர்கள் காரை ஓட்ட மாட்டார்கள், துடைக்க மாட்டார்கள், அழகாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். பானெட்டைத் தூக்கித் தலையை உள்ளே விட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு உலகத்துக்குத் தெரிவது இடுப்புக்குக் கீழ்ப்பட்ட பகுதி மட்டுமே. நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த இடுப்போடு நின்று அரைமணி நேரம் பேசியும் இருப்பீர்கள்.

நம்முடைய ஆளுக்கு ஒர்க்‌ஷாப் வட்டாரத்தில் தேதி சார் என்று பெயர். இன்சூரன்ஸ் ஆபீஸில் உத்தியோகம். ஆனால் அவர் பிறந்தது அதற்கல்ல என்பது அவருடைய அபிப்பிராயம். இன்ஜினின் பெரிய இரும்புக் கூடு இருக்கிறதே, பிளாக் என்பார்கள், அதை வார்க்கும்போதே அச்சு எண்ணும் வார்த்த தேதியும் இரும்பிலேயே புடைத்து நிற்கும்படி செய்துவிடுவார்கள். மாதம், நாள், வருடத்தின் கடைசி இலக்கம், அவ்வளவுதான். வார்த்தவன் தன் வசதிக்காகப் போட்டு, மறுநாளே மறந்துபோன எண் அது. தேதி சார் மறக்க மாட்டார். பிளாக்கின் தேதி, காரின் தேதிக்குச் சில வாரங்கள் முந்தியிருக்க வேண்டும். பிந்தியிருந்தால் இன்ஜின் மாற்றப்பட்டது என்று அர்த்தம். "புள்ள பொறந்து ரெண்டு மாசம் கழிச்சா இருதயம் செய்வாங்க?" என்று கேட்பார். கேட்டுவிட்டு, பதில் சொல்ல முடியாத உங்களை இரக்கத்தோடு பார்ப்பார்.

அவருடைய பையில் எப்போதும் ஒரு டார்ச், ஒரு கம்பி பிரஷ், மண்ணெண்ணெய் நனைத்த துணி, எண்ணின் மேல் தேய்க்க ஒரு சாக்பீஸ், பிறகு நீளக் கைப்பிடி வைத்த சின்ன வட்டக் கண்ணாடி. கண்ணாடி, பல் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் மனைவி கொடுத்தது. சில கார்களில் தேதி பிளாக்கின் பின்பக்கம், தலை நுழையாத சந்தில் இருக்கும். கண்ணாடியைக் கீழே படுக்கவைத்துப் பிடித்தால் எண் கவிழ்ந்து தெரியும். இரண்டு ஐந்தாகும், ஐந்து இரண்டாகும். இருபது வருடப் பழக்கத்தில் தேதி சாருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கண்ணில் ஐந்து பட்டால் வாய் தானாக இரண்டு என்று சொல்லும்.

துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் கூட்டமெல்லாம் கூடத்தில் இருக்க, இவரை மட்டும் காணவில்லை. இறந்தவரின் காருக்குள் இடுப்புவரை இருந்தார். வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, அழுது ஓய்ந்திருந்த மகனின் தோளைத் தொட்டுச் சொன்னார்: "இன்ஜினோட ஹெட் இந்த வண்டியோடது இல்லப்பா. அப்பாவ யாரோ ஏமாத்திருக்காங்க."

அவருடைய சொந்தக் கார் எப்படி ஓடுகிறது என்று கேட்கிறீர்களா? ஓடவில்லை. ஆறு வருடமாகச் செங்கல் மேல் நிற்கிறது. நன்றாக வேலை செய்த தண்ணீர் பம்பு ஒன்று அதில் இருந்தது. தேதி நான்கு மாதம் தப்பு என்று கழற்றி எறிந்துவிட்டு, தேதி சரியான பம்புக்காகக் காத்திருக்கிறார். ஆபீஸுக்குப் பஸ்.

இப்படிப்பட்டவர் ஊரைப் படித்து முடித்துவிட்டு, ஒருநாள் மச்சான் வீட்டுக்கு வந்தார்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவர்கள் அப்பா புதிதாக வாங்கிய கார் அவரிடம்தான் இருந்தது. பன்னிரண்டு வருடமாகக் கட்டிக் காத்து, வாரம் ஒருமுறை ஓட்டி, மூன்று வருடத்துக்கு முன் இன்ஜினை ஒரு ஒர்க்‌ஷாப்பில் இறக்கி ரிப்பேர் பார்த்து, திரும்பப் பொருத்தியிருந்தார். அப்பா உட்கார்ந்த சீட்டை மாற்ற மாட்டேன் என்று கிழிந்த சீட்டிலேயே உட்கார்ந்து ஓட்டுகிறவர்.

தேதி சார் அன்று கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டார். "அதுக்கென்ன மாப்ள," என்று மச்சான் தன் போனை எடுத்துப் பிளாக்குக்குப் பின்னால் கையை விட்டு, ஒரு போட்டோ எடுத்துக் கொடுத்தார். தேதி சார் பார்த்தார். முகம் மாறியது. போட்டோவைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டார்.

"காரு மார்ச் மாசம் கம்பெனியிலேர்ந்து வந்தது. பிளாக் மே மாசம் வார்த்திருக்கான்."

"புரியல மாப்ள."

"நான் ஒண்ணும் சொல்லல மச்சான். நம்பர் சொல்லுது."

இந்த இனத்தின் முழு வீரமும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும். குற்றம் சாட்டுவது இரும்பு. இவர் வெறும் மொழிபெயர்ப்பாளர். அப்பாவின் இன்ஜினை விற்றுவிட்டு எவனுடையதையோ வாங்கி மாட்டிவிட்டார் அண்ணன் என்று தேதி சார் சொன்னாரா? ஒருபோதும் இல்லை. வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போதே, மனைவியிடம் இரண்டு மாதங்களின் பெயரை மட்டும் வரிசையாகச் சொன்னார். மீதியை அவளே கூட்டிக்கொண்டாள்.

ஞாயிறுதோறும் அண்ணனுக்குப் போன் செய்கிறவள் அந்த ஞாயிறு செய்யவில்லை. அவர் செய்தபோது எடுக்கவுமில்லை. ஒன்பதாவது நாள் அண்ணனே வந்துவிட்டார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். வைத்த டீ ஆறிக்கொண்டிருந்தது.

"அப்பா வண்டியப் பிரிச்சு வித்துட்டேன்னு நெனக்கிறியாம்மா?"

அந்த மனுஷனுடைய உதடு நடுங்கியதைப் பார்த்தால் உங்களுக்கே பொறுத்திருக்காது.

"உணர்ச்சிவசப்பட வேண்டாம்," என்றார் தேதி சார். "ஆதாரம் இருக்கு." போனை எடுத்து நீட்டினார். மனைவி வாங்கிப் பார்த்தாள். விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"மாசம் ரெண்டுன்னுதானே இருக்கு?"

"பாக்கறதுக்கு ரெண்டு. படிக்கிறப்ப அஞ்சு." குரலில் பொறுமை வழிந்தது. "பின்பக்கத்து நம்பர எப்பவும் கவுத்துப் படிக்கணும்."

"ஏன் கவுக்கணும்?"

"கண்ணாடியில தலைகீழாத் தெரியும்ல?"

"இது கண்ணாடியாங்க?"

தேதி சார் போனைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். நாள் முழுக்க ஊரார் வாய்க்குள் கண்ணாடி பிடித்து வேலை செய்கிறவளிடம் இந்த விஷயத்தில் வாதாட முடியாது. போட்டோவில் இருந்தது இரண்டு. வெறும் இரண்டு. பிப்ரவரியில் வார்த்த பிளாக், மார்ச்சில் வந்த கார், அப்பா வாங்கிய அதே இன்ஜின். படிக்கத் தெரிந்த எந்தக் குழந்தையும் சரியாகச் சொல்லியிருக்கும். தப்பாகப் படிக்க இருபது வருட அனுபவம் தேவைப்பட்டது.

மன்னிப்புக் கேட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? உங்களுக்கு இந்த இனத்தோடு பழக்கம் போதாது.

"இந்தப் போன் போட்டோவெல்லாம் இப்படித்தான் குழப்பும்," என்றார். "சரி, பிளாக் உங்கப்பாவோடதுதான். நான் ஒத்துக்கிறேன். ஆனா மச்சான், அந்த கார்புரேட்டர் மட்டும் எனக்கு..."

"போதும்," என்றாள் மனைவி. பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "தப்பாப் போச்சுண்ணா. நம்பர் சரியாத்தான் இருக்கு. டீ வேற கொண்டு வரேன், உக்காரு," என்றாள். அழுகையும் சிரிப்புமாக இருந்தாள். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று மனதார நம்பினாள்.

அண்ணன் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"நம்பர் சரியா இருக்கு, சரிம்மா," என்றார். "அஞ்சாவே இருந்திருந்தா? அந்த ஒர்க்‌ஷாப்காரன் எனக்குத் தெரியாமலே மாத்தியிருந்தா? அப்ப நான் யாரு உனக்கு?"

அவள் கையில் ஆறிய டீ இருந்தது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். சற்றுநேரத்தில் தெருவில் அந்தக் கார் சாவியின் ஒரே திருகில் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. தேதி சார் காதைத் தீட்டிக் கேட்டார். இன்ஜின் டைமிங் கொஞ்சம் பின்னால் இருக்கிறது என்று சொல்ல வந்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாகச் சொல்லாமல் விட்டார்.

எண் படிக்கிறவர்களை எப்படி அடையாளம் காண்பது என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கையில் டார்ச் இருக்கும், பையில் சாக்பீஸ் இருக்கும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். சிலரிடம் எதுவும் இருக்காது. ஓர் அண்ணன் தங்கை முன்னால் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, இரண்டைக் கவிழ்த்தால் நிஜமாகவே ஐந்து வருமா என்று விரலால் மேசைமேல் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தீர்களே, அந்த விரலைச் சொல்கிறேன். அதைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ளுங்கள்.