தவறே நடக்காத அலுவலகம்

தவறு செய்வது மனித இயல்பு என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், அதை முற்றாக ஒழித்துக்கட்டிய ஒரே நிறுவனம் மூலக்குளத்தில் டயர் கடை மாடியில் இருக்கும் 'நிறைகதிர் டெக்னாலஜீஸ்'தான்.

எந்த ஊருக்கு எந்த நாளில் நெல் அறுப்பு மெஷின் போவது என்று தீர்மானிக்கும் செயலி அவர்களுடையது. அதில் யார் எதை மாற்றினாலும் பெயரோடு பதிவேட்டில் ஏறிவிடும். அதற்குக் 'கமிட்' என்று பெயர். பிரான்சில் இருக்கும் முதலாளி அருள்தாஸ் பதிவேட்டைப் பார்த்துத்தான் ஆட்களை எடை போடுவார். அங்கே தற்காலிகமாகச் செயலி எழுதும் சகாயராணியின் வேலை நிரந்தரமாவதும் அதைப் பொறுத்ததுதான்.

அன்று காலை அவள் உட்காரும் முன்பே போன் அடித்தது.

"இன்னாம்மா இது? நேத்துதான் நடவு முடிச்சோம். பண்டசோழநல்லூர் ரோட்ல பதினோரு மெஷின் வந்து நிக்குது. இன்னாத்த அறுக்கறது, நாத்தையா? பாகூர்ல முத்துன நெல்லு மழையில சாயுதாம்!" என்றார் விவசாயி குமரவேல்.

சகாயராணி தேடிப் பார்த்தாள். டீம் லீடர் உலகநாதன் முந்தின நாள் நல்ல நேரம் பார்த்து ஏற்றிய கமிட், ஊர்ப் பட்டியலைத் தலைகீழாக்கியிருந்தது.

"சார், 'ரிவர்ட்' போட்டா ரெண்டே நிமிஷம். பழையபடி ஆயிடும்."

"பதிவுல இன்னா வரும்?"

"உலகநாதன் செஞ்ச மாற்றம் திரும்பப் பெறப்பட்டதுன்னு வரும் சார்."

"செஞ்சதும் இருக்கும், திரும்பப் பெற்றதும் இருக்கும். இது தப்பைத் திருத்தறது இல்லம்மா. தப்புக்குக் கல்வெட்டு வெக்கறது."

உடனே 'அவசர ஆலோசனைக் கூட்டம்' கூடியது. பாகூரில் மழை பெய்துகொண்டிருந்த இரண்டு மணி நேரமும் ஆழ்ந்து ஆலோசித்தார்கள்.

"போன மாசம் எல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு? அங்கயே போயிடுவோம்" என்று தீர்ப்பளித்த உலகநாதன், தம் கையாலேயே பதிவேட்டை ஒரு மாதம் பின்னுக்குத் தள்ளி, அதற்குப் பின் இருந்ததையெல்லாம் அழித்தார். மெஷின்கள் பாகூருக்குத் திரும்பின. சகாயராணியின் ஒரு மாத உழைப்பும் கூடவே போயிற்று.

மாலையில் முதலாளி வீடியோவில் தோன்றினார். "ஒரு மாசமா உன் பேர்ல ஒரு கமிட் கூட இல்லயேம்மா. உன்ன எப்படி நிரந்தரம் பண்றது?"

"டீம் லீடர் அழிச்சிட்டாரு சார். என் கம்ப்யூட்டர்ல முழுசும் பத்திரமா இருக்கு" என்றவள், எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினாள். உலகநாதனின் கமிட்டும் சேர்ந்தே ஏறியது. மெஷின்கள் மறுபடி தடம் மாறாமலிருக்க, அதற்கு மேலேயே ரிவர்ட்டும் போட்டாள்.

முதலாளி வரிவரியாகப் படித்துவிட்டு, "நிரந்தரத்தை ஆறு மாசம் தள்ளி வெச்சுக்கலாம்" என்றார்.

"தப்பு பண்ணது அவரு சார்!"

"அவருதான் அழிச்சிட்டாரே. இத்தனை நேரம் அதைப் பத்திரமா வெச்சிருந்தது யாரு?"