தீப்பெட்டி அக்காவின் நாற்பது காற்றுகள்

நீலகிரியை ஒரே வாரத்தில் இருநூறு தடவை எரித்தவர் உலகத்திலேயே ஒருவர்தான்: எங்கள் தீப்பெட்டி அக்கா. ஒரு குச்சிகூட உரசியதில்லை. எல்லாம் கம்ப்யூட்டரில்.

குன்னூரில் ஒரு பேக்கரியின் மாடியில் எங்கள் ஆபீஸ். காட்டில் தீப்பிடித்தால் எந்தப் பக்கம் பரவும் என்று முன்கூட்டியே சொல்வது வேலை. மலை ஒன்றுதான், தீ ஒன்றுதான். காற்றையும் ஈரத்தையும் மட்டும் நாற்பது விதமாக மாற்றிப் போட்டுப் பார்ப்போம். படிப்பு முடித்த சூட்டோடு வந்த எனக்கு, தீ தொடும் இடம் வரைபடத்தில் வெறும் சிவப்புப் புள்ளி. அக்காவுக்கோ ஊர். ஒவ்வொன்றும் சிவக்கும்போது "ஐயோ, போச்சே!" என்று நெஞ்சில் கைவைப்பார். துக்கம் தாங்காமல் ஒரு பன் சாப்பிடுவார். "இன்னைக்கு எத்தனை ஊருங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் பேக்கரிக்காரர் மாவு பிசைவார்.

மினி பஸ்ஸிலும் அதே பேச்சு. ஒருநாள் போனில் உரக்க, "கேத்தி ஊரே மூணு மணி நேரத்துல முழுசாப் போயிருச்சுங்க. ஒரு ஊடு மிஞ்சலை" என்றார். பின்சீட்டு அம்மா "ஐயோ, எம்பட மாடு!" என்று அலற, டிரைவர் பிரேக்கை மிதிக்க, அந்த அம்மாவின் கேரட் மூட்டை அவிழ்ந்து பஸ் முழுக்க உருண்டது.

"பயப்படாதீங்க, அது இன்னும் அடிக்காத காத்துங்க" என்று அக்கா சமாதானம் சொன்னார். அந்த அம்மா இன்னும் பயந்துபோனார்.

இப்போதும் வெயிலில் புல் காயும் வாசம் வந்தால் எனக்கு அக்காவைத் தேடுகிறது.

ஒரு மாசி மாதம் நிஜமாகவே பிடித்தது. உறைபனியில் காய்ந்த புல்மேட்டில் தீ. கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீடுகள், பன்னிரண்டு குடும்பம். நாற்பது காற்றில் முப்பத்தெட்டு, தீயை நேரே லைனுக்கு இறக்கின. இரண்டே இரண்டுதான் ஓடைப் பக்கம் தள்ளின. வனத்துறைக்குச் சொன்ன கையோடு அக்கா ஜீப் பிடித்தார். பின்னால் நான், லேப்டாப்போடு.

"எல்லாரும் ரோட்டுக்கு வந்துருங்க!"

"தீ அங்கே கெடக்கு, ஒனக்கென்னம்மா அவசரம்? சோறு கொதிக்குது" என்றார் கொழுந்து பறிக்கும் ராக்கம்மா.

அக்கா வாதாடவில்லை. அடுப்பை அணைத்து, சோற்றுப் பானையைத் துணி சுற்றித் தூக்கிக்கொண்டு நடந்தார். பானைக்குப் பின்னால் ராக்கம்மா. ராக்கம்மாவுக்குப் பின்னால் லைன் முழுவதும்.

மூன்று மணிக்குக் காற்று திரும்பியது. தீ ஓடைச் சேற்றில் போய்ப் படுத்துவிட்டது. லைனில் ஒரு கோழி இறகுகூடக் கருகவில்லை.

அப்புறம் அக்கா வாங்கிய திட்டு! "வருது வருதுன்னு சொல்லி எஞ்சோத்தைக் குழைச்சுட்டியே! நீயும் ஒம் பொட்டியும்!"

கணக்கு பொய்த்த அவமானத்தில் எனக்கு அழுகை. அக்காவோ அந்தக் குழைந்த சோற்றையே கேட்டு வாங்கி, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு சாப்பிட்டார். "பன்னண்டு ஊடும் அப்படியே இருக்குது பாரு கண்ணு! இந்த மாதிரித் தப்பு லேசுல கிடைக்காது."

அடுத்த மாதமே வடக்கே, இன்னும் பெரிய காடுகளுக்குப் போய்விட்டார்.

போன வாரம் சந்தையில் ராக்கம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "அந்தப் பொட்டிக்காரப் பொண்ணு எங்கே?"

"வேற ஊருக்குப் போயிட்டாங்கம்மா."

"திட்ட ஆளில்லாம லைனே சப்புனு கெடக்கு. ஒருக்கா வந்துட்டுப் போகச் சொல்லு" என்றார்.

அக்கா, சொல்லிவிட்டேன். வரச் சொல்லி நானும் கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.