ரசமட்டம் வைத்த பாத்தி

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் தன் சொந்தக் கையால் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் சுகம். பாத்திக்குத்தான் சுகமில்லை, அதைப் பிறகு எழுதுகிறேன். முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். முதல் வரியை நூல் பிடித்துத்தான் ஆரம்பித்தேன். மூன்றாவது வரிக்குள் எல்லாம் வலது பக்கம் சரிந்து, அடித்தளம் இறங்கிய சுவர் மாதிரி ஆகிவிட்டது. சில எழுத்துகள் பெரிதாக இருக்கும். அவையெல்லாம் எனக்கு நன்றாகத் தெரிந்த எழுத்துகள், தைரியமாகப் போட்டிருக்கிறேன். எழுதப் படிக்கச் சொல்லித்தரும் மாலை வகுப்பு டீச்சர், "அவசரமே வேண்டாம் ஐயா, நிதானமா எழுதுங்க" என்றார். அவசரப்பட நினைத்தாலும் என்னால் முடியாது என்று அவருக்குத் தெரியவில்லை. உங்களுக்கு மரியாதை செய்து முடிப்பதற்குள்ளேயே என் தேநீர் ஆறிவிட்டது.

விஷயம் இதுதான். உங்கள் தங்கை கொல்லைப்புறம் முழுக்க மறுபடி சிமெண்டு போடப் போகிறாள். நீங்கள் ஒரு போன் செய்து தடுக்க வேண்டும். அவள் கேட்பது உங்கள் பேச்சைத்தான். என் பேச்சையும் கேட்பாள், கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

குளிர் விட்டு வெயில் இளசாக அடிக்க ஆரம்பித்ததும் உங்கள் நர்சரியிலிருந்து விதைப் பைகள் கொண்டுவந்து கொடுத்தீர்கள் அல்லவா? பாதி கீரை, அவரை, பூசணி. மீதி இந்தப் பக்கத்துக் காட்டுப் பூச்செடிகள். "இது இந்த மண்ணுலயே பொறந்தது மாப்ள, தாங்கோ தாங்குன்னு தாங்க வேண்டாம், சும்மா விட்டாலே வரும். பூ பூத்தா தேனீ வரும், தேனீ வந்தாத்தான் பூசணி காய்க்கும்" என்றீர்கள். அந்தச் 'சும்மா விட்டாலே' என்பதை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. உங்கள் தங்கை அன்றைக்கே சொல்லிவிட்டாள்: "வெயில் முத்துறதுக்குள்ள ஏதாவது ஒண்ணு என் சட்டிக்கு வரணும். வரலேன்னா பழையபடி தரைதான். எனக்குத் துணி காயப்போட எடம் வேணும்."

சரி என்று கடப்பாரையை எடுத்தேன். ஒரு ஓரத்தை உடைத்தால் போதும் என்று நினைத்தேன். கடப்பாரை துள்ளித் துள்ளி என் முழங்காலுக்கே வந்தது. ஒரு சில்லு பெயர்ந்தால் பெரிய விஷயம். எனக்குக் கோபம் வந்து, "எந்தப் படுபாவிடா இவ்வளவு கெட்டியாப் போட்டது?" என்று கத்திவிட்டேன். மாடி வீட்டுத் தையல்காரர் ஜன்னலில் தலையை நீட்டி, "நீங்கதான் அண்ணே" என்றார். உண்மைதான். கட்டட வேலையில் இருந்த காலத்தில் லீவு போட்டு நானே போட்ட தளம். கோபத்தோடு கொஞ்சம் பெருமையும் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். எப்படியோ உடைத்து, சில்லும் மண்ணுமாகக் கிடந்ததை மூலையில் குவித்துவிட்டு, நல்ல மண்ணைப் பாத்தியாகக் கட்டினேன்.

அப்புறம் விதைப் பையை எடுத்து வாசிக்க உட்கார்ந்தேன். என் ஆயுளில் ஒரு சாமானை வாங்கி, அதில் எழுதியிருப்பதை நானே வாசித்துச் செய்தது அதுதான் முதல் தடவை மச்சான். சத்தமாகவே வாசித்தேன், தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். 'ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளவும்' என்று போட்டிருந்தது. கட்டட வேலைக்காரனுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. பாத்தியை மட்டப்பலகையால் இழுத்து, பூச்சுக் கரண்டியால் தேய்த்து, சமமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் ஒரு நூல் தூக்கல். அதையும் தட்டி இறக்கினேன். விதையைப் போட்டு, மேலே இன்னொரு பூச்சு மண் பூசி, அடித்து இறுக்கி, நனைத்த சாக்கை விரித்துத் தினமும் தண்ணீர் விட்டேன். பாத்தி கண்ணாடி மாதிரி இருந்தது. கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் நின்றது.

ஒவ்வொரு வரிசைக்கும் என் கையாலேயே பெயர்ப் பலகை எழுதி நட்டேன். கீரை. அவரை. பூசணி. தெருவில் போகிறவர்கள் வேலியோரம் நின்று வாசித்துவிட்டுப் போனார்கள். நான் எழுதியதை மற்றவர்கள் வாசிப்பதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு எதுவுமே வேண்டியிருக்கவில்லை. ஆனால் நாள் போகப் போக, பலகையைத் தவிர வேறொன்றும் தலைகாட்டவில்லை. தையல்காரர், "ரசமட்டம் அண்ணே, பலகை நல்லா வேர் பிடிச்சிருக்கு. எப்ப காய்க்கும்?" என்று கேட்டார். உங்கள் தங்கை வெறும் சட்டியைக் கொண்டுவந்து பாத்தி நடுவில் வைத்துவிட்டுப் போனாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மிச்சமிருந்த பைகளையெல்லாம் வாயைக்கூடப் பிரிக்காமல் அந்தச் சில்லுக் குவியல் மேல் விட்டெறிந்தேன்.

பிறகு ஒருநாள் வகுப்பில், வாசிக்க எதையாவது கொண்டுவரச் சொன்னார் டீச்சர். சட்டைப் பையில் இருந்த காலி விதைப் பையை எடுத்துக் கணீரென்று வாசித்து முடித்து உட்காரப் போனேன். "திருப்புங்க ஐயா" என்றார். எதை என்றேன். "பையைத்தான். பின்பக்கமும் எழுதியிருக்கே." மச்சான், தாளுக்குப் பின்பக்கமும் எழுதுவார்கள் என்று இத்தனை நாள் எனக்கு யாரும் சொல்லவில்லையே! திருப்பினால், 'மண்ணை அழுத்தக் கூடாது. மேலாகத் தூவினால் போதும்' என்று இருக்கிறது. நான் விதைக்கவில்லை, தளம் போட்டிருக்கிறேன்.

ஆனால் அதற்குள் என்ன அதிசயம் நடந்தது தெரியுமா? நான் விட்டெறிந்த குவியல் முழுக்கப் பச்சை! கீரை கொத்துக் கொத்தாக நிற்கிறது. அவரை, பெயர்ந்த சிமெண்டுச் சில்லைச் சுற்றி ஏறுகிறது. மஞ்சளும் ஊதாவுமாகக் காட்டுப் பூக்கள், அதில் தேனீக்கள். பூசணியில் என் கட்டைவிரல் அளவு ஒரு பிஞ்சு. கோபத்தில் எறிந்தால்கூட முளைக்கிறது என்றால் என் கைராசியை என்ன சொல்ல! தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். உங்கள் தங்கைக்கு இது பொறுக்கவில்லை போலிருக்கிறது. காய்கறி கழுவிய தண்ணீரையெல்லாம் கொண்டுபோய் வேண்டுமென்றே அந்தக் குவியல் மேல்தான் கொட்டுகிறாள். நேற்று என் டேப்பை எடுத்துக் கொல்லையை அளந்தாள். பிறகு போனில், "ஞாயித்துக்கிழமை ஆளோட வந்துடு. அவர்கிட்ட இப்ப சொல்லாத" என்றாள். யாரிடம் என்கிறீர்கள்? என்னிடம் வேலை பழகி இப்போது மேஸ்திரியாக இருக்கிறானே, அவனிடம்! என் பூசணி மேல் என் சிஷ்யனே சிமெண்டு கொட்டுவதை நான் எந்தக் கண்ணால் பார்ப்பேன்? ஞாயிற்றுக்கிழமைக்குள் போன் செய்யுங்கள்.

உங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல், நல்ல கையெழுத்தோடு வளரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு (பின்பக்கத்தில்): போன் செய்ய வேண்டாம். உறை கேட்டதற்கு உங்கள் தங்கை கடிதத்தை வாங்கிக்கொண்டு போய், நான் இத்தனை நாள் எழுதியதை அடுப்பில் பால் பொங்குவதற்குள் படித்துவிட்டாள். "ஏங்க, பிரிக்காத பைக்குள்ள இருந்து விதை எப்படிங்க வெளிய வரும்? பின்பக்கம் படிச்சுப் பாத்துத் தூவினது நானு. தினம் தண்ணி ஊத்தினதும் நானு. கைராசியாம், கைராசி!" என்றாள். மேஸ்திரியைக் கூப்பிட்டது பூசுவதற்கு இல்லையாம். "மிச்சத் தரையையும் உடைக்கத்தான் கூப்பிட்டேன். நீங்க போட்டதை நீங்களே உடைச்சா நம்ம ஆயுசு பத்தாது." துணி எங்கே காயும் என்று கேட்டேன். தையல்காரரின் மொட்டைமாடியில் கொடி கட்டியாகிவிட்டதாம். இதையெல்லாம் ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்றேன். "தெரு பூராவும் அவ்வளவு சந்தோஷமாச் சொல்லிட்டுத் திரிஞ்சீங்க. எனக்குச் சொல்ல வாய் வரல."

மச்சான், குவியலுக்குப் புதுப் பலகை எழுதி நட்டுவிட்டேன், அவள் பெயரில். அவளே வேலியோரம் நின்று இரண்டு தடவை வாசித்தாள். ரசமட்டத்தை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டாள். நீங்கள் பதில் போடும்போது தாளின் இரண்டு பக்கமும் எழுதலாம், எனக்குத் திருப்பத் தெரியும். அடுத்த வாரம் மறுபடி எழுதுகிறேன். அதை இன்று மத்தியானமே தொடங்கினால்தான் அடுத்த வாரத்துக்குள் முடியும்.