நாலு பேர் வராமல் அசையாத சாட்டிலைட் சேர்

தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டே, தான் எங்கே நிற்கிறோம் என்று மெஷினைக் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒரே மனிதர் எங்கள் சாட்டிலைட் சேர்தான். பதுளையில் நான் கிளார்க்காக இருந்த அலுவலகத்தில் நிலம் அளக்கும் உத்தியோகம் அவருக்கு. யாழ்ப்பாணத்துக்காரர். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் என்னவோ, யாருக்கும் ஞாபகமில்லை.

கழுத்தில் தாலிபோல ஒரு ஜிபிஎஸ் கருவி எப்போதும் தொங்கும். பஜாரில் யாராவது டீக்கடைக்கு வழி கேட்டால், எதிரே இருக்கும் கடையைக் காட்டமாட்டார். வானத்தைப் பார்ப்பார். கேட்டவர் டீ குடித்துவிட்டுத் திரும்பி வரும்போதும் பார்த்துக்கொண்டே இருப்பார்.

"மேல சுத்துறவை எல்லாரும் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கினம், தம்பி. அந்தச் சிக்னல் வந்துசேர எவ்வளவு நேரம் பிடிச்சுதெண்டு பார்த்து, இது தூரத்தைக் கணக்குப் போடும். மூண்டு பேர்தான் எண்டால் உயரத்தை ஊகிக்கும். மலைநாட்டில உயரத்தை ஊகிச்சால் உருப்படுமோ? நாலு பேர் வேணும்."

சாட்டிலைட்டுக்கு இவ்வளவு மரியாதை. எங்களை 'நீர்' என்றுகூடக் கூப்பிடமாட்டார்.

ஒருமுறை கொஸ்லந்தப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனோம். மண்சரிவு அபாயக் கோட்டுக்குள் வரும் குடும்பங்களுக்கு மாற்று வீடு. வரிசையாக ஒட்டிய அறைகள் கொண்ட ஒரு லயத்தில் மற்ற எல்லாக் காம்பராவும் கோட்டுக்குள் வந்துவிட்டன. தெய்வானை அக்காவின் கடைசிக் காம்பரா மட்டும் பத்திரமான இடம் என்றது மெஷின்.

"ஐயா, செவுத்து வெடிப்புல கை போகுதுங்க. இதுவா பத்திரம்? புள்ளைங்களோட எங்கங்க போவேன்?" என்று அக்கா அழுதார்.

வெளியே ஜீப் டிரைவர் ஹாரன் அடித்தார். மழை இருட்டியது. "சேர், மெஷின் சொன்னதையே எழுதிட்டுப் போவமே" என்றேன்.

"மூண்டு பேர்தான் சொல்லியிருக்கினம். நான் எழுதமாட்டன்."

மலையும் தகரக் கூரையும் வானத்தை மறைக்கின்றனவாம். காம்பராவை ஒட்டிய பாறையில் ஏறினார். மெஷினைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். பனிமூட்டம் ஆளையே விழுங்கிவிட்டது, குரல் மட்டும் மிச்சம்.

"நாலு பேர் வேணும்! நாலு பேர் இல்லாமல் இது சரிவராது!"

மழை நேரத்தில் மலை மேலிருந்து ஒருவன் "நாலு பேர் வேணும்" என்று கத்தினால் நம் சனம் என்ன நினைக்கும்? கீழ் லயத்திலிருந்து மூங்கில், கயிறு சகிதம் நாலு பேர் மூச்சிரைக்க வந்து நின்றார்கள். பின்னாலேயே சாவு மேளம் அடிக்கும் தப்புக்காரர்.

"பொணம் எங்கங்க?"

"இன்னும் சாகேல்லை. ஆனால் நனைஞ்சிட்டன்" என்றது பாறை. பிறகு ஒரே கூச்சல்: "வந்திட்டார்! நாலாவது ஆள் வந்திட்டார்!"

தப்புக்காரர் பயந்து, செத்தவன்தான் எழுந்துவிட்டான் என்று ஓடியே போனார்.

நாலு பேர் கணக்கில் தெய்வானை அக்காவின் காம்பரா கோட்டுக்குள் வந்தது. சேர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதுளை வரும்வரை என் தோளில் தும்மினார்.

அடுத்த பெருமழையில் அந்த லயம் கடைசிக் காம்பராவோடு மண்ணுக்குள் போனது. அதற்கு முன்பே அக்கா புது வீட்டில் பால் காய்ச்சிவிட்டார்.

சேர் மாற்றலாகி ஊருக்குப் போய்விட்டார். இப்போது என் போனே கண்மூடித் திறப்பதற்குள் இடத்தைக் காட்டுகிறது. ஆனாலும் மழை பிடித்தால் எனக்கு அந்த மனுஷனைத் தேடுகிறது.