போன் வீட்டம்மாவின் நாற்பத்து மூன்று நிமிடம்

அன்பு மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. நலம் என்று எழுதுவதுதான் முறை, ஆகவே நலம். முழங்கால் மட்டும் நலமில்லை. நீயும் வீட்டில் அவளும் பிள்ளைகளும் சௌகரியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லாவிட்டால் மறைக்காமல் எழுது. உன் கடிதம் எனக்குக் கிடைத்தது பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலை பதினொன்று பத்துக்கு. இன்று அக்டோபர் மூன்று. இத்தனை மாதமும் வாயை மூடிக்கொண்டிருந்த என் மேல் நீ கோபப்பட்டிருப்பாய். தாராளமாகக் கோபப்படு. முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக உட்கார்ந்து, இரண்டு நிமிடம் பிந்தி வந்த டிரைவரையெல்லாம் நிற்கவைத்துக் கேள்வி கேட்டவனுக்கு இது வேண்டியதுதான்.

"அக்கா சாவுக்குத்தான் என்னால வர முடியல, அவ குரலையாவது ஒரு தடவை கேக்கணும் அத்தான், எங்கயாவது பதிஞ்சிருந்தா அனுப்புங்க" என்று நீ எழுதியிருந்தாய். படித்தவுடன் செல்போனை எடுத்துத் தேடினேன். ஒன்றுமில்லை. அவள் கடைக்குப் போனால், மாத்திரை மறந்தால், குழாயில் தண்ணீர் வந்தால், எல்லாவற்றுக்கும் குரலாகவே அனுப்புவாள். நான் கேட்ட கையோடு அழித்துவிடுவேன். வேலை முடிந்த சீட்டைக் கிழித்துப் போடுவது டிப்போ பழக்கம். அப்படி எத்தனை கிழித்தேனோ தெரியாது. அன்றைக்கு முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம்தான் நூலகத்துக்காரர்கள் வந்துபோனது நினைவுக்கு வந்தது. உனக்குத் தெரியாது, சொல்கிறேன். எங்கள் பேட்டை நூலகத்து மாடியில் இரண்டு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஒரு காப்பகம் நடத்துகிறார்கள். ராஜா மந்திரி சமாச்சாரம் எதுவும் அங்கே கிடையாது. தையல்காரரின் அளவு நோட்டு, பேப்பர் போடுகிறவர் எழுதி வைத்த வீட்டு நம்பர் சீட்டு, மாவு மில் ஓடும் சத்தம், சலூன் வாசலில் காத்திருப்பவர்களின் படம், இப்படி நாம் தூக்கி எறிகிறதையெல்லாம் வாங்கி கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். "இதையெல்லாம் எவன் பாக்கப்போறான்?" என்று நானே அங்கே போய்க் கேட்டவன். மூன்று வருஷத்துக்கு முன்னால், அந்தக் காப்பகத்துப் பெண் மைக்கோடு நம் வீட்டுக்கு வந்தாள். தெருவில் முதலில் போன் வந்தது நம் வீட்டில்தானே. வண்டி பழுதானால் டிப்போவிலிருந்து என்னைக் கூப்பிடுவதற்காகக் கொடுத்த போன். கடைசியில் தெருவுக்கே அது ஒன்றுதான் போன் என்று ஆகி, உன் அக்காவுக்கும் போன் வீட்டம்மா என்றே பேர் விழுந்துவிட்டது. யாருக்குப் பிள்ளை பிறந்தது, யாருக்கு வேலை கிடைத்தது, எல்லாம் அவள் காதில் விழுந்த பிறகுதான் சொந்தக்காரர்களுக்கே தெரியும். அதைத்தான் பதியவேண்டும் என்றாள் அந்தப் பெண். "ஐயா, நீங்க சும்மா உக்காந்திருந்தாப் போதும்" என்று என்னிடம் அப்போதே தெளிவாகச் சொன்னாள். நானும் உட்கார்ந்தேன். சும்மா உட்கார்ந்ததாகத்தான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி பத்தாம் தேதி காலை பத்து மணிக்கு நூலகம் திறக்கும்போதே நான் படியில் நின்றேன். அந்தப் பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டு, நாற்காலி போட்டு, ஹெட்போனை மாட்டிவிட்டாள். காதில் முதலில் நம் வீட்டு மின்விசிறியின் கடகடப்பு, அடுத்து உன் அக்கா தொண்டையைச் செருமினாள். அவ்வளவுதான், எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "எங்க வீட்டுக்குப் போன் வந்தது ஒரு திங்கக்கிழமை" என்றாள். உடனே ஒரு கட்டைக் குரல் குறுக்கே பாய்ந்து, "திங்கள் இல்ல, புதன்" என்றது. யாரடா இந்த அதிகப்பிரசங்கி என்று பார்த்தால், நான்! அவள் பாவம், "சரி, புதன்" என்று தொடர்ந்தாள். "காலைல ஒரு ஒம்பது மணி இருக்கும்" என்றாள். "ஒம்பதே கால்" என்றேன் நான். "ரெண்டு பேர் வந்து கம்பி இழுத்தாங்க" என்றாள். "மூணு பேர், ஒருத்தன் கீழ நின்னான்" என்றேன். மைத்துனா, ஹெட்போனுக்குள் கையை விட்டு என் வாயை நானே பொத்த முடியாதா என்று இருந்தது.

மறுநாள் கோடு போட்ட நோட்டோடு போய் உட்கார்ந்து, வண்டி வருவதையும் போவதையும் குறிக்கிற மாதிரி குறித்தேன். மொத்தம் நாற்பத்து மூன்று நிமிடம். அதில் உன் அக்கா பத்தொன்பது, நான் பதினேழு, மிச்சம் ஏழு நிமிடம் மின்விசிறியும் அந்தப் பெண்ணின் கேள்வியும். நான் குறுக்கிட்டது ஐம்பத்தெட்டு முறை. நாற்பத்து மூன்றாம் நிமிடத்தில் "ரொம்ப நன்றிம்மா" என்று அந்தப் பெண் சொல்வது கேட்கும், நான் அவர்களுக்கு டீ வாங்க பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு படியிறங்குகிற செருப்புச் சத்தமும் கேட்கும். வண்டி நிலையம் சேர்ந்துவிட்டது என்று ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். "ஐயா, அதுக்கு அப்புறமும்..." என்று அந்தப் பெண் ஏதோ ஆரம்பித்தாள். "எல்லாம் கேட்டாச்சு, நேரம் கூடக் குறிச்சாச்சு" என்று நோட்டைக் காட்டிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகும் போகும்போதெல்லாம் "முழுசாக் கேளுங்க ஐயா, கடைசியில..." என்று இழுப்பாள். கேட்பதைப் பற்றி எனக்கே பாடமா என்று நானும் அவளை முடிக்க விட்டதில்லை.

இதில் ஒரே ஒரு இடம் என்னை உயிரோடு தின்கிறது, அதை உன்னிடம் சொல்லாமல் முடியாது. முப்பத்தொன்றாம் நிமிடத்தில் உன் அக்கா சொல்கிறாள்: "நல்ல சேதின்னா மாடியில நின்னே கத்திருவேன். கெட்ட சேதின்னா கத்த மாட்டேன், செருப்ப மாட்டிக்கிட்டு நானே நேர்ல போவேன். நான் செருப்போட படியிறங்கினாலே தெருவுல எல்லாரும் வாசலுக்கு வந்துருவாங்க, யார் வீட்டுக்கோன்னு." முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்திருக்கிறேன், இது எனக்குத் தெரியாது. போன் வந்தால் அவள் போவாள், வருவாள், அவ்வளவுதான் தெரியும். அதற்கு மேல்தான் விஷயம். "எல்லாருக்கும் நான் நடந்தேன். எனக்குன்னு ஒரு தடவை வந்துச்சு. எங்கப்பா போயிட்டாருன்னு நாலு மணிக்கு எங்க தம்பி போன் பண்ணான். அன்னைக்கு நான்..." என்று அவள் ஆரம்பிக்க, இந்தப் பாவி, "நாலு இல்ல, நாலே முக்கால்" என்றேன். அவள் லேசாகச் சிரித்துவிட்டு, "ஆமா, நாலே முக்கால்" என்று சொல்லி, வேறே யாரோ வீட்டுக் கதைக்குப் போய்விட்டாள். அன்னைக்கு நான் என்ன? அவள் என்ன சொல்ல வந்தாள்? இனி யாரிடம் போய்க் கேட்பேன்? உன் போன் வந்த கையோடு அவள் டிப்போவுக்குச் சொன்னாள். நான் நோட்டில் 4.47, வீட்டிலிருந்து போன் என்று குறித்துவிட்டு, மாற்று ஆள் வரவில்லை என்று ஆறு மணி வரை வண்டி அனுப்பிக்கொண்டிருந்தேன். வீடு வந்தது ஆறு இருபது. தெருவுக்கே நடந்தவளுக்கு, நடந்து வர ஒரு ஆள் இல்லாமல் போயிற்று. அதைத்தான் சொல்ல வந்திருப்பாள். சொல்லட்டுமே, மூன்றாம் மனுஷிக்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை திட்டட்டுமே, அதற்குக்கூட நான் வழி விடவில்லை.

அதனால் என் குரலை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு உனக்கு அனுப்புவது என்று முடிவு செய்தேன். அந்தப் பெண் ஒத்துக்கொள்ளவே இல்லை. "ஐயா, காப்பகத்துல இருக்கறது இருந்தபடியே இருக்கணும். நாளைக்கு யாராவது கேட்டா, அந்த வீடு எப்படி இருந்துச்சுன்னு தெரியணும்ல?" என்றாள். "அந்த வீடு எப்படி இருந்துச்சுன்னு தெரியக்கூடாதுன்னுதானே கேக்கறேன்" என்றேன். மூன்று மனு எழுதினேன். நான்காவது மனுவுக்காக, பதிவு நடந்த அன்று நானும் போட்ட சம்மதப் படிவத்தைக் கேட்டு வாங்கி, வரிவரியாகப் படித்தேன். மூன்றாம் பிரிவில் மாட்டிக்கொண்டார்கள்: பேசியவர் எவரும் தன் குரலைத் திரும்பப் பெறலாமாம், அப்படிப் பெற்றால் வெட்டிய பிரதியை வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிட வேண்டுமாம். அந்தப் பெண் வாடிய முகத்தோடு வெட்டிக் கொடுத்தாள். மூலத்தை அழிக்க நாளை மறுநாள் திங்கட்கிழமை பத்து மணிக்குக் கையெழுத்துப் போடவேண்டும்.

வெட்டிய பிரதியை வீட்டில் போட்டு, "ரொம்ப நன்றிம்மா" வரைக்கும் கேட்டு நிறுத்தினேன். நீயும் கேட்பாய், அதனால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன், பயந்துவிடாதே. நான் பேசிய இடமெல்லாம் வெறும் மௌனம். உன் அக்கா ஒரு வரி சொல்வாள், நிறுத்துவாள், "சரி, புதன்" என்பாள். இன்னொரு வரி சொல்வாள், நிறுத்துவாள், "நீங்களே சொல்லுங்க" என்பாள், அப்புறம் அரை நிமிடம் ஒன்றும் கேட்காது, பிறகு யாருமே சிரிக்க வைக்காமல் தானாகச் சிரிப்பாள். காலி வீட்டில் தனியே உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. இப்போது அந்தக் காலி வீட்டில் இருப்பது நான். இருந்தாலும் உனக்கு வேண்டியது உன் அக்கா குரல், என் சளசளப்பு இல்லை. பென் டிரைவில் போட்டு இதோடு வைத்திருக்கிறேன்.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். நன்றாகப் படிக்கட்டும், யார் பேசினாலும் முடிக்கிற வரைக்கும் காத்திருக்கட்டும். வீட்டில் அவளுக்கு என் அன்பைச் சொல்லு. உடம்பைப் பார்த்துக்கொள். தாமதத்துக்கும், இந்தப் பதினேழு நிமிடத்துக்கும் என்னை மன்னித்துவிடு.

இப்படிக்கு,
உன் அத்தான்.

பின்குறிப்பு: திங்கட்கிழமை பகல், மணி பன்னிரண்டு ஐந்து. போகிற வழியில் பெட்டியில் போடலாம் என்று ஒட்டிப் பையில் வைத்த கடிதத்தைப் பிரித்து எழுதுகிறேன். பத்து மணிக்குக் கையெழுத்துப் போடப் போனேன். அந்தப் பெண் பேனாவைத் தரவில்லை. என்னை மாதிரியே படிவத்தை வரிவரியாகப் படித்திருக்கிறாள் போலிருக்கிறது. "ஐயா, அஞ்சாம் பிரிவு. அழிக்கச் சொல்றவர் பதிவை முதல்லேருந்து கடைசி வரைக்கும் எங்க முன்னாடி கேட்டாகணும். விதி" என்றாள். விதி என்று சொன்ன பிறகு நான் என்ன பேச முடியும்? ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். "ரொம்ப நன்றிம்மா" வந்தது, என் செருப்பு படியிறங்கியது. வழக்கமாக நான் கழற்றுகிற இடம். கழற்றப் போன கையை அந்தப் பெண் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்கு மைக்கை நிறுத்தாமலே விட்டிருக்கிறார்கள். "ஐயா வர்றதுக்குள்ள, குறுக்க யாரும் பேசாம இன்னொரு தடவை பதிஞ்சிரலாமாம்மா?" என்று அந்தப் பெண் கேட்கிறாள். உன் அக்கா சொல்கிறாள், நான் அப்படியே எழுதியிருக்கிறேன்: "வேணாம்மா, அவரு பேசட்டும். அவரு வாயத் திறக்கறதே அப்பத்தான். எங்கப்பா போன அன்னைக்கு ஆறு இருபதுக்கு வந்தாரு. எனக்கு வந்த கோபத்துல நான் ஒரு வார்த்தை பேசல. அவரும் பேசல, மூலையில போய் உக்காந்துட்டாரு. பக்கத்து வீட்டம்மா வந்து, எப்ப சேதி வந்துச்சுன்னு கேட்டாங்க. நாலு மணிக்குன்னேன். அங்கேருந்தே, 'நாலு இல்ல, நாலே முக்கால்'னாரு. சொல்லி முடிக்கல, விக்கி விக்கி அழுதுட்டாரு. எங்கப்பாவுக்கு நான்கூட அப்படி அழல. இந்த மனுஷனுக்குப் பேச வேற வழி தெரியலன்னு அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது. அதுலேருந்து நேரத்தை, கிழமையை, எல்லாத்தையும் வேணும்னே மாத்தித்தான் சொல்லுவேன். தப்பாச் சொன்னாப் போதும், ஓடி வந்து பக்கத்துல உக்காந்துக்குவாரு. போன் வந்தது புதன்கிழமைன்னு எனக்குத் தெரியாதா என்ன?"

அதற்கு மேல் அவள் சிரிப்பு, நான் பிளாஸ்க்கோடு படியேறி வருகிற சத்தம், "டீ ஆறிப்போச்சு" என்று என் கட்டைக் குரல். படிவத்தை அங்கேயே கிழித்தேன். நூலகத்தில் சத்தம் போடக்கூடாது என்று பலகை மாட்டியிருக்கிறார்கள், ஆனாலும் அழுதேன். அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மேலே எழுதியது எதையும் பொருட்படுத்தாதே. வெட்டிய பிரதியை எடுத்துவிட்டு, முழுப் பதிவையும் பென் டிரைவில் போட்டு அனுப்புகிறேன். என் குரலோடே கேள், அவள் கேட்டு வாங்கிய குரல் அது. இன்னொன்று: பதிவு நாற்பத்து மூன்று நிமிடம் என்று எழுதியிருக்கிறேன், தவறு. நாற்பத்தேழு நிமிடம் பத்து விநாடி. திருத்தி வாசித்துக்கொள்.