ஆடு தின்னாத செம்பு

எனக்கு ஒரு வியாதி உண்டு. யார் எதைச் சொல்லத் தொடங்கினாலும் பாதியிலேயே "தெரியும், தெரியும்" என்று கிளம்பிவிடுவேன். இருபத்தாறு வயதில் இதனால் என் ரயில் பட்டறை வேலையே போக இருந்தது. காப்பாற்றியவர் என் மாமியார். எப்படி என்பதை மறைத்துவிடலாம்தான். ஆனால் நான் சொல்லாவிட்டால் அவர் சொல்லிவிடுவார், இன்னும் விரிவாக.

மலாயாவுக்கு ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். என் மனைவி அலமேலுவுக்குத் தலைப்பிரசவம் நல்லபடியாக முடிந்தால் முனீஸ்வரருக்குக் கருப்புக் கிடா வெட்டுவதாக மாமியார் வேண்டியிருந்தார். முடிந்தது. கிள்ளானில் அவரே ஒரு கிடாக்குட்டியைத் தேடிப் பிடித்து, காதில் சின்னதாக ஒரு வெட்டு அடையாளம் போட்டு, "மாப்ளே, இதுல ஒரு வெள்ள முடிகூடக் கெடையாது. இப்படியே வளத்து வைங்க" என்று கொடுத்துவிட்டுப் போனார். (அடையாளம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. மாப்பிள்ளைமேல் அவருக்கு இருந்த நம்பிக்கை அவ்வளவு.)

நானும் நன்றாகத்தான் வளர்த்தேன். தண்டவாளத்து ஓரப் புல்லைத் தவிர வேறொன்றும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ஆறு மாதத்தில் முதுகில் செம்பட்டை ஏறியது. பிறகு விலாவில். கண்ணைச் சுற்றி முடி வெளுத்து, மூக்குக்கண்ணாடி போட்டுக் கணக்கெழுதும் கிராணி மாதிரி என்னைப் பார்த்தது. திருவிழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஆடு முழுவதும் துருப்பிடித்த இரும்பின் நிறத்துக்கு வந்துவிட்டது.

"என்னங்க, அம்மா அடுத்த வாரம் வராங்க" என்றாள் அலமேலு.

கால்நடை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் ஓடினேன். சாவகாசமான மனிதர். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "உடம்புல செம்புச் சத்து பத்தல தம்பி. கருப்பு முடி செவக்கறது அதனாலயும் இருக்கும்னு இப்ப தொரைங்க புதுசா சொல்றாங்க. இதுக்கு நீ என்ன செய்யணும்னா..."

"தெரியும், தெரியும்" என்று கிளம்பிவிட்டேன்.

தெரியாமல் என்ன? பட்டறையில் செம்புக் குழாய் கடைவதுதான் என் வேலை. காலடியில் செம்பு குப்பையாகக் கிடக்கிறது. மறுநாள் சாயங்காலம் இரண்டு கை செம்புத் தூளை டிபன் கேரியரின் அடித்தட்டில் அள்ளிப் போட்டு, மேல்தட்டில் மிச்ச ரசத்தை வைத்து மூடிக்கொண்டு கிளம்பினேன். (தவிட்டில் பிசைந்து கொடுப்பதாகத் திட்டம்.)

வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா ஒரு சீக்கியர். அதுவரை என் கேரியரை அவர் திறந்ததே இல்லை. அன்று அது கனத்துக் கோணலாகத் தொங்கியது. திறந்துவிட்டார்.

"இனி அப்பா?" இது என்ன என்று மலாயில் கேட்டார்.

எனக்குத் தெரிந்த மலாய் மொத்தமும் அப்போது வெளியே வந்தது. "தெம்பாகா. கம்பிங் மாக்கான்." செம்பு. ஆடு தின்ன.

ஜாகா என்னையே பார்த்தார். செம்பு கடத்துகிறவர்கள் சொல்லும் காரணங்கள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. இது மட்டும் புதிது. சட்டைக் காலரைப் பிடித்துப் போர்மன் துரையிடம் இழுத்துக்கொண்டு போனார்.

வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். கைக்குழந்தையோடு அலமேலு தெருவில் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருப்பது கண்முன் வந்தது. உண்மையாகவே பயந்துபோனேன். அந்தப் பயத்தில் என் ஆங்கிலம் பிறந்தது.

"சார், கோட் நோ காப்பர். பிளாக் கோயிங். மதர் இன் லா கமிங்!"

துரை பேனாவைக் கீழே வைத்தார். பக்கத்தில் நின்ற பட்டறைக் கிராணியிடம் ஏதோ சொன்னார். "நாளைக்குக் காலைல ஆட்டக் கொண்டுவா. அது செம்பத் தின்னா நீ பொழச்சே. இல்லன்னா போலீஸ்" என்றார் கிராணி.

வீட்டுக்கு வந்தால் மாமியார் ஒரு வாரம் முன்னதாகவே வந்து நிற்கிறார். ஆட்டின் காதைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"காது நம்ம காதுதான். மிச்ச ஆடு எங்க மாப்ளே?"

நடந்ததையெல்லாம் சொன்னேன். (அழுதுகொண்டே சொன்னதாக அலமேலு சொல்வாள். நம்ப வேண்டாம்.)

மறுநாள் ஆட்டை என்னை நம்பி அனுப்ப மனமில்லாமல் மாமியாரும் கூடவே வந்தார். பட்டறை முற்றத்தில் வேலையை விட்டுவிட்டு அத்தனை பேரும் கூடி நின்றார்கள். ஒரு தட்டில் என் செம்புத் தூளைக் கொட்டி ஆட்டின் முன்னால் வைத்தார்கள். ஆடு முகர்ந்தது. தும்மியது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"தின்னுடா ராசா" என்று கெஞ்சினேன். ராசா நேரே துரையிடம் போய், அரைக்கால்சட்டைக்குக் கீழே வியர்த்திருந்த அவருடைய முழங்காலை நக்கத் தொடங்கியது. உப்புக்கு ஏங்கியிருந்ததோ என்னவோ, ஒன்றை முடித்துவிட்டு மற்றதற்குப் போனது. துரை நெளிந்தார்.

கிராணி போலீஸுக்கு எழுதக் காகிதம் எடுத்தார். அப்போதுதான் மாமியார் முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்.

"முனீஸ்வரன்மேல சத்தியம் தொரே, இவரு திருடல. திருடறதுக்கெல்லாம் மூளை வேணும் லா. அது இருந்தா, செம்ப வித்து வேற கருப்புக் கெடா வாங்கியிருக்க மாட்டாரா?"

கிராணி ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். துரை என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு "ட்ரூ" என்றார். முற்றமே சிரித்தது. எனக்கு வேலை மிஞ்சியது.

கம்பவுண்டரிடம் இந்த முறை மாமியாரே போய் முழுவதையும் கேட்டுவந்தார். உப்போடு துளி மயில்துத்தத்தை (அதில் இருப்பதும் செம்புதானாம்) அவரே நிறுத்துக் கலந்து கொடுத்தார், கொஞ்சம் கூடினாலும் ஆடு செத்துவிடுமாம். என் இரண்டு கைக் கணக்கைக் கேட்டதும் கம்பவுண்டர் வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாராம். ஆடு அந்த உப்பை நக்க நக்க, முடி வேரிலிருந்து கருத்து வந்தது. திருவிழா அன்று பாதி கருப்பு, பாதி செவலை. சாமிக்கு ஆகாது என்று வேறு கிடா போக, இது எங்களோடு கிழடு தட்டும்வரை இருந்தது, மை போலக் கருப்பாக.

போன வருடம் என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவிடம் என் மாமியார் ஆரம்பித்தார்: "எங்க மருமவன் கை ரொம்ப சுத்தம். அந்தக் காலத்துல தொரையே..."

"தெரியும், தெரியும்" என்றார் சம்பந்தி. "ஆட்டுக் கததான?"