மாமியின் முழங்கால்

றெஜி போனைப் பார்த்தபடி தலையில் கை வைத்துக்கொண்டான். வாவிக் கரை வீட்டின் மேல்மாடி அறைகளை வாடகைக்கு விட ஓர் இணையப் பக்கம் செய்யும்படி போனிலிருந்த ஏஐயிடம் சொல்லியிருந்தான். அது செய்த பக்கத்தின் தலைப்பு இதுதான்: ‘நலமா? மாமிக்கு முழங்கால் வருத்தம்.’

“இது ஆருட முழங்கால்?” என்றாள் மனைவி மேர்லின்.

“உன்ட அம்மாடதான். உதவி கேக்கக்குள்ள முதல்ல வீட்டுச் சுகம் சொல்றதில்லியா?”

“அது மனுசருக்கு!”

எங்கள் ஊரில் கலியாணம் கட்டினால் மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண்வீட்டுக்குப் போவான். பிறகு அவனுக்கு அரசாங்கம் மாமிதான். மேர்சி மாமியும் வாய் திறக்காத மாமா அருளப்புவும் பூசைக்குப் போயிருந்தார்கள். மாமி இதைப் பார்த்தால் றெஜி பெட்டியோடு திரும்ப வேண்டியதுதான்.

‘மாமி இருப்பது தெரிந்தால் போதும், முழங்கால் வேண்டாம்’ என்று தட்டினான்.

‘கவனம்! மாமி இருக்கிறார்’ என்று சிவப்பில் வந்தது.

“நாய்க்குப் போடுற பலகை மாதிரி இருக்கு” என்றாள் மேர்லின்.

‘மாமியை எடுத்துவிடு’ என்று தட்டினான்.

‘மாமி இல்லாத வீடு! முழு நிம்மதி!’

“ஐயோ, இத ஆரும் பாத்தா?”

மேர்லின் நகத்தைக் கடித்தாள். “பக்கத்திட லிங்க்க அப்பவே கோயில் வாட்ஸ்அப் குறூப்பில போட்டுட்டன்.”

றெஜிக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் போனைப் பிடுங்கினாள்.

“வேணாம் எண்டதச் சொல்லாம, வேணுமெண்டதச் சொல்லணும். ஆருக்கு, என்ன இருக்கு, பாக்கிறவர் என்ன செய்யணும், அவ்வளவுதான்.”

‘வாவி பார்க்க வரும் குடும்பங்களுக்கு இரண்டு அறைகள். காலையில் புட்டும் இறால் சொதியும். வர விரும்புவோர் அழைக்க எங்கள் இலக்கம்’ என்று எழுதினாள்.

பக்கம் சொன்னபடியே அச்சொட்டாக வந்தது. றெஜி மூச்சு விட்டான்.

அப்போது படலை திறந்தது. மாமா மட்டும் விறுவிறுவென்று வந்தார்.

“மாமி எங்க?” றெஜி போனை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

“பின்னால வாறா.”

மாமா வீதியை எட்டிப் பார்த்துவிட்டு, றெஜியின் காதருகே குனிந்தார்.

“குறூப்பில பாத்துட்டு கோயில் வாசல்ல நாலு மருமகன்மார் ரூம் கேட்டாங்க, இல்லையெண்டு அனுப்பிட்டன், மனே, அந்த மாமி இல்லாத வீட்ட எனக்கே பிடிச்சு வை.”